பட்டன் எந்தப் பக்கம்?

ஜனவரி 12

அன்புள்ள திருகாணிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முட்டிவலி என்னோடு இவ்வளவு தூரம் வரச் சோம்பல்பட்டு அங்கேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் இன்னும் அந்தப் பெரிய வட்டச் சட்டத்தையே மாட்டி அனுப்புகிறாளா? நான் கேட்டதாக நம் கண்ணாடியிடம் சொல்.

ஐம்பதை நெருங்குகிறவனைத் திருகாணி என்று கூப்பிடலாமா என்று கேட்காதே. ஏழு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றி, ஒரு திருகாணியை விழுங்கி, எல்லோரையும் மருத்துவமனைக்கு ஓட வைத்தவனுக்கு வேறு பெயர் கிடையாது.

இங்கே வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் நூலகம் என்றதும் கட்டடம் தயாராக இருக்கும் என்று நினைத்து வந்தேன். கிடைத்தது பழைய தளவாட அறை. கிரீஸ் வாடை இன்னும் மூலையில் உட்கார்ந்திருக்கிறது, உனக்குப் பிடித்திருக்கும். வெள்ளையடித்து, அலமாரிகளுக்கு எண் ஒட்டி, ஜன்னலுக்குத் திரை தைத்து எல்லாவற்றையும் நானே செய்தேன். பள்ளி நூலகத்தில் இருபத்தாறு வருடம், யாரோ வாங்கிப் போட்ட புத்தகத்துக்கு முத்திரை குத்தியவள் நான். இப்போது எந்தப் புத்தகம் வாங்குவது என்று நானே முடிவு செய்கிறேன். காலையில் பூட்டைத் திறக்கும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. சிரித்துக்கொள்.

போன வாரம் ஆறு மின்னூல் கருவிகள் வந்து இறங்கின. ஆறும் ஆறு விதம். எது நல்லது என்று பார்த்துச் சொன்னால் மொத்தமாக வாங்கலாம் என்கிறது நிர்வாகம். பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்தேன். திரையின் மேல் ஏதோ அச்சடித்த தாளை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து நகத்தால் உரிக்கப் பார்த்தேன். அது தாள் இல்லை, திரையேதான். போன் மாதிரிக் கண்ணைக் குத்தவில்லை. வெயிலில் கொண்டுபோய் வைத்தேன், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இந்த அறையில் உள்ள அத்தனை அலமாரியும் அதற்குள் அடங்கிவிடுமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து பக்கத்து மருந்துக்கடைப் பெண் சிரித்தாள்.

உனக்கு இதெல்லாம் ஆகாது என்று தெரியும். "புத்தகம்னா கையில கனக்கணும், மூக்குல மணக்கணும். ரெண்டும் இல்லாததை எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்று போன வருடம் என்னிடம் அரைமணி நேரம் வாதாடினாய். சும்மா உன்னைக் கடுப்பேற்றத்தான் எழுதுகிறேன்.

நீ பழுது பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்து லிஃப்ட் ஓட ஆரம்பித்ததா? இங்கே போன் மேலாளர் அறையில் மட்டும்தான், அதுவும் அவசரத்துக்கு. தபால் வண்டி செவ்வாய்க்கிழமைகளில் வரும். உன் முத்து முத்தான கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன்.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் முட்டிவலி இங்கேதான் இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம், அவசரப்பட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு. வேலை கழுத்தை நெரிக்கிறது. ஆபீசில் புது பிரிண்டர் வந்திருக்கிறது, தட்டச்சு செய்து பழகிக்கொள்ளச் சொல்லி எல்லோரையும் படுத்துகிறார்கள். அதனால் இந்த மாதிரி.

அக்கா, சிரிக்காமல் படி. அந்த மின்னூல் கருவி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் புத்தகம் வைக்க இடமில்லை. இனி ஒரு புத்தகம் உள்ளே வந்தால் நான் வெளியே போக வேண்டும் என்று கண்ணாடி சொல்லிவிட்டாள். எதை வாங்கலாம், நீ சொல். ஆறையும் கையில் வைத்திருப்பவள் நீதானே.

எடை எவ்வளவு? ஒரே கையால் பிடித்துக்கொண்டு, அதே கையால் பக்கத்தைத் திருப்ப முடியுமா? இடது கையாக இருந்தால் நல்லது. வலது கையில் டீ இருக்கும். மேசையில் தானாக நிற்குமா? இவ்வளவுதான் தெரிய வேண்டும்.

நூலகத்தைப் பற்றி இன்னும் எழுது. நீ எழுதியதைக் கண்ணாடிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். எங்களுக்கும் கர்வம்தான்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள திருகாணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன், சூரியன் வழக்கமான பக்கம்தான் இருந்தது. நீயா மின்னூல் கருவி கேட்கிறாய்! சந்தோஷத்தில் மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை. ஆறையும் மேசையில் வரிசையாக வைத்துப் பரீட்சை நடத்தினேன்.

முதலாவது குட்டி. சமையல்கூடத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு பெரிய உருளைக்கிழங்கை விட இளைத்தவள். இரண்டாவது பலகை, இதில் வரைபடம் பார்க்கலாம், எழுதலாம், விசிறிக்கொள்ளவும் செய்யலாம். மூன்றாவதில் தமிழ் படாத பாடு படுகிறது. 'கொக்கு' என்று வரும் இடத்தில் கொம்பு ஒரு வரியில், கால் அடுத்த வரியில். கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும் என்பார்கள், இங்கே கால் மட்டும் தனியாக நிற்கிறது. அதை மூட்டை கட்டிவிட்டேன். நான்காவது தண்ணீரில் விழுந்தாலும் சாகாதாம். வாளியில் போட்டுப் பார்த்தேன், சாகவில்லை. ஐந்தாவது மெதுவாக யோசித்துத்தான் பக்கத்தைத் திருப்புகிறது. ஆறாவதன் ஒரு ஓரம் மட்டும் தடித்திருக்கிறது, அந்த ஓரத்தில் இரண்டு பட்டன். அழகு போதாது, ஒரு பக்கம் வீங்கின கன்னம் மாதிரி.

உனக்குக் குட்டிதான் சரி. திரையைத் தொட்டால் பக்கம் திரும்பும். தெரியாத சொல்லின் மேல் விரலை வைத்தால் அகராதி எட்டிப் பார்க்கும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் இரண்டு விரலை வைத்து விரித்தால் போதும். ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் மூன்று வாரம் வருகிறது. என்ன ஒரு வேலைப்பாடு! இதைச் செய்தவர்களின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கிறது.

டீயை எப்போதிலிருந்து வலது கையில் வைத்துக்கொள்கிறாய்? மோட்டார் அறையில் கருவிப்பெட்டியின் மேல் டம்ளரை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, டீ ஆறிப்போனது தெரியாமல் படிக்கிறவன் நீ.

பதினாலு மாடி என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லையே?

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

நீ நடத்திய பரீட்சையைப் படித்துக் கண்ணாடி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போய்க் குட்டியைப் பார்த்தோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இடது கையில் பிடித்துக்கொண்டு அதே கையின் கட்டை விரலால் திரையைத் தொடப் போனால் பிடி நழுவுகிறது. இரண்டு விரலை வைத்து விரிப்பதும் தோதுப்படவில்லை. அதற்கு இன்னொரு கை வேண்டும்.

நீ வீங்கின கன்னம் என்று எழுதினாயே, அந்த ஆறாவது. அதை இடது கையில் பிடித்தால் பட்டன் எந்தப் பக்கம் வரும்? வலது பக்கம் மட்டும்தானா, அல்லது கருவியைத் தலைகீழாகத் திருப்பினால் எழுத்தும் கூடவே திரும்புமா? பின்பக்கம் கையை நுழைத்துக்கொள்ள வார் போட முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வேலை நன்றாகப் போகிறது அல்லவா? ஊருக்கு வருவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இரண்டு வருட ஒப்பந்தத்தை முழுதாக முடி.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலமா அம்மா? இந்தக் கடிதத்தை உன் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். காரணம் உனக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

தம்பியின் இரண்டு கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் இரண்டு தடவையும் தட்டச்சு செய்திருக்கிறான், கீழே கையெழுத்தைக்கூடப் போடவில்லை. லிஃப்டைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், நான் இரண்டு தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்பதெல்லாம் இடது கை, ஒரு கை, வார்.

நேற்று விடுமுறை. என் வலது கையைத் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க இருந்து பார்த்தேன். சட்டைப் பட்டன் போட முடியவில்லை. ரொட்டி வெட்ட முடியவில்லை. தடிப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். இடது கை பக்கத்தைப் புரட்டும்போது புத்தகம் மூடிக்கொண்டது. ஐந்தாவது தடவை மூடியபோது அதை அப்படியே வைத்துவிட்டேன். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவன் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எனக்கும் வந்தது. அதே வரிசையில் வந்தது.

என் தம்பியின் வலது கைக்கு என்ன ஆயிற்று? சுற்றி வளைக்காமல் எழுது.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கமாகிவிட்டது.

ஜனவரி கடைசியில் நடந்தது. பதினாலு மாடியில், மேலே மோட்டார் அறையில் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ மெயின் ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். கம்பிவடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கை போய்விட்டது. நடுவில் இருந்த மூன்று விரலும் இல்லை அண்ணி. கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன, சரியாக மடங்காது. இரண்டு அறுவை சிகிச்சை ஆனது. புண் ஆறிவிட்டது. வலி குறைந்திருக்கிறது.

மயக்கம் தெளிந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "அக்காவுக்குத் தெரியக் கூடாது." நான் சண்டை போட்டேன். "தெரிஞ்சா அடுத்த வண்டி ஏறிடும். அப்பா படுத்தப்போ படிப்போட கடைசி வருஷத்த விட்டுட்டு வந்துச்சு. என்னைத் தொழில் படிக்க வெச்சுச்சு. அது படிப்ப முடிக்கறதுக்குள்ள வேலையெல்லாம் யாருக்கோ போயிடுச்சு. ஒரு தடவ வந்தது போதும்" என்றார். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். உங்கள் கடிதம் நேராகக் கேட்கிறது; நேராகக் கேட்டாலும் பொய் சொல்வேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கையை விட அவரை வருத்தியது படிக்க முடியாமல் போனதுதான். அறுநூறு பக்க நாவல் ஒன்றைப் பாதியில் வைத்திருந்தார். தலையணையில் சாய்த்து, கிண்ணத்தை முட்டுக் கொடுத்து, முழங்கையால் அழுத்திப் பார்த்தார். ஒருநாள் சாயங்காலம் அதைச் சுவரில் வீசி அடித்துவிட்டார். இருபது வருடத்தில் ஒரு புத்தகத்தின் மூலையைக்கூட மடித்தவர் இல்லை அவர். பிறகு தானே எழுந்துபோய் எடுத்து, உதிர்ந்த தாளையெல்லாம் அடுக்கி வைத்தார். மறுநாள்தான், "அக்கா ஏதோ கருவி பத்தி எழுதியிருந்துச்சே" என்றார்.

நீங்கள் வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்கள் இப்போது வந்தால் அவர் தோற்றுப்போனதாக நினைப்பார். எனக்கு அது மட்டும் தெரியும்.

உங்கள் கண்ணாடி


ஏப்ரல் 30

அன்புள்ள திருகாணிக்கு,

நலம். நீ கேட்டதற்கு விடை கண்டுபிடித்துவிட்டேன்.

ஆறாவதைப் பற்றி அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். வீங்கின கன்னம் இல்லை அது, நல்ல பிடி. அந்தத் தடித்த ஓரத்தில் உள்ளங்கை உட்கார்ந்துகொள்கிறது, விரல்கள் பின்னால் போய்விடுகின்றன, கட்டை விரல் தானாகப் பட்டன் மேல் வந்து நிற்கிறது. இடது கைக்கு மாற்றினால் எழுத்தும் உடனே தலைகீழாகத் திரும்பி நேராக நிற்கிறது. மேலே உள்ள பட்டன் அடுத்த பக்கம், கீழே உள்ளது முந்தைய பக்கம். எழுத்து அளவையும் பட்டனிலேயே மாற்றும்படி அமைத்துவிடலாம். தமிழ் முழுதாக வருகிறது. கொக்கு இரண்டு காலிலும் நிற்கிறது.

புதிதாக ஒன்று வரவழைத்து இதோடு அனுப்புகிறேன். விலையைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். பின்பக்கத்துக்கு ஒரு வார் தைத்திருக்கிறேன், நான்கு விரலும் நுழையும், தளர்த்தாமலே கழற்றலாம். மடக்கி நிறுத்த ஒரு தாங்கி இருக்கிறது. பெட்டிக்குள் கட்டை விரல் அளவில் ஒரு ரிமோட் இருக்கும். தாங்கியில் நிறுத்திவிட்டு அதை அமுக்கினால் கருவியைத் தொடாமலே பக்கம் திரும்பும். இங்கே டிராக்டர் ஓட்டுகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறார்கள், அதற்காகத் தேடிப் பிடித்தேன்.

நாற்பது புத்தகம் ஏற்றியிருக்கிறேன். நீ படித்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய தடிமனானவையும் உண்டு.

இங்கே எல்லாம் நல்லபடியாகப் போகிறது. ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன்.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? நான் உண்மையிலேயே சுகம். இந்தத் தடவை பொய் இல்லை.

பெட்டி வந்தது. கண்ணாடி பிரித்தாள், நான் வாரில் கையை நுழைத்தேன். கட்டை விரல் நீ சொன்ன இடத்தில் போய் நின்றது. அமுக்கினேன். பக்கம் திரும்பியது. இன்னொரு தடவை அமுக்கினேன். அக்கா, லிஃப்டைப் பிரித்து மாட்டிவிட்டு முதல் தடவை பட்டனை அமுக்கும்போது, மேலே சக்கரம் உருளும் சத்தம் கேட்கும் பார், அந்த மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் தொண்ணூறு பக்கம். "சாப்பாடு ஆறுது" என்று கண்ணாடி மூன்று தடவை கூப்பிட்டாளாம். மூன்றாவது தடவை பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படிங்க, அப்புறமா சூடு பண்ணித் தரேன்" என்று போய்விட்டாள்.

எத்தனை விஷயம் யோசித்துச் செய்திருக்கிறார்கள்! படித்துக்கொண்டே தூங்கிவிட்டால் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம். அன்று பாதியில் விட்ட நாவலும் உன் நாற்பதில் இருந்தது. எனக்காக யாரோ இருக்கை போட்டு வைத்த மாதிரி. முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் அழுதேன், அது கதைக்காக. கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. கண்ணாடி திருப்புளியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். மணக்கவில்லை, கனக்கவில்லை என்று நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

அக்கா, வாரை நன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இடது கை நுழைய மட்டும்தான் தைத்திருக்கிறாய். வலது கை அதில் போகவே போகாது. ரிமோட்டில் ஒரு வளையம் மாட்டியிருக்கிறாய். சுண்டு விரலில் போட்டுக்கொண்டு கட்டை விரலால் அமுக்குகிற மாதிரி. டிராக்டர் ஓட்டுகிற யாருக்கும் அப்படித் தேவைப்படாது.

கண்ணாடியைப் பார்த்தேன். அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அண்ணி கேட்டாங்க. நான் சொன்னேன்" என்றாள், திரும்பாமலே.

"எப்போ?"

"ஏப்ரல்ல."

ஏப்ரலில் தெரிந்தும் நீ வண்டி ஏறவில்லை. அதை நினைத்துத்தான் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூன்று விரல் போய்விட்டது அக்கா. நானே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் இல்லை.

இன்னொன்று. போன வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறேன். மேற்பார்வையாளர் என்னைப் பழுது அழைப்பு மேசையில் உட்கார வைத்திருக்கிறார். புதிய மெக்கானிக்குகள் போன் செய்து, "சத்தம் வருதுண்ணே" என்பார்கள். "போனை மோட்டார் பக்கத்துல பிடி" என்பேன். கேட்டுவிட்டு, பிரேக்கா, கம்பிவடமா, கதவா என்று சொல்லிவிடுவேன். முதல் நாள் பதினொன்றில் பத்து சரி. எல்லா லிஃப்டின் கையேடுகளையும் உன் கருவியில் ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் யாரும் மெயின் ஸ்விட்சைத் தொடும் முன் மேலே இருப்பவரிடம் போனில் கேட்டாக வேண்டும் என்று ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

உன் தம்பி


மே 29

தம்பி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. முதலில் திட்டிவிடுகிறேன்.

கண்ணாடியின் கடிதம் வந்த அன்றே பெட்டியைக் கட்டிவிட்டேன். சாவியை மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும் தபால் வண்டிக்காக நின்றேன். வண்டியும் வந்தது. ஓட்டுநர், "ஏறுங்க, கிளம்பலாம்" என்றார். கால் எழவில்லை. எனக்கு இந்த இடத்தை விட்டுவிட்டு வர மனமில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதற்காக என்னையே வெறுத்துக்கொண்டேன். நீ அடிபட்டுக் கிடக்கிறாய், எனக்கு அலமாரி முக்கியமாகப் போய்விட்டதா? திரும்பி வந்து பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு வாரைத் தைக்க ஆரம்பித்தேன்.

உன்மேல் என்ன கோபம் தெரியுமா? நான் வருவேனா, இருப்பேனா என்பதை நீயே முடிவு செய்துவிட்டாய். அப்பா படுத்தபோது என்னை யாரும் பலி கொடுக்கவில்லை. எனக்கு வரத் தோன்றியது, வந்தேன். இந்த முறை இருக்கத் தோன்றியது, இருந்தேன். இரண்டும் என் முடிவு. இனிமேல் உனக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்கு எழுது. என்ன செய்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

திட்டி முடித்தாயிற்று. பதினொன்றில் பத்து! நான் அதை இங்கே நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லுகிறவன் என் தம்பி என்று. நம்மவர்களில் யாருக்கும் இல்லாத மனத்திடம் உனக்கு எங்கிருந்து வந்ததோ. அந்த விதியைப் பற்றி எழுதியதை மறுபடியும் மறுபடியும் படித்தேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் இங்கே வாயேன்.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். திட்டு கிடைத்தது. இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டோம்.

ஜூலை பத்தாம் தேதி கிளம்புகிறேன். கடையில் ஆள் இல்லாததால் கண்ணாடி வரவில்லை. ரயிலில் பதினேழு மணி நேரம், பிறகு உன் தபால் வண்டி. முன்பெல்லாம் பெட்டியில் பாதி புத்தகமாக இருக்கும், இந்தத் தடவை சட்டைப்பையிலேயே அடங்கிவிட்டது. பெட்டியில் காலியான இடத்தில் உனக்குப் போர்வை எடுத்து வைத்திருக்கிறாள்.

தம்பி


ஜூலை 19

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலமா? போர்வைக்கு நன்றி, காலையில் போர்த்திக்கொண்டுதான் நூலகத்தைத் திறந்தேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அவனே வந்துவிடுவான். ஆனால் பாதியைச் சொல்ல மாட்டான் என்பதால் நான் எழுதுகிறேன்.

முதல் நாள் வலது கையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். வாசக அறையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இடது கையால் படித்துக்கொண்டிருந்தான். சுரங்கத்தில் மண் அள்ளும் வண்டி ஓட்டுகிற பெண் ஒருத்தி, தோள் எலும்பு விலகி, கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு கையாலயே எப்படித் திருப்பறீங்க?" என்றாள்.

"இங்க பாரும்மா" என்று வாரைக் காட்டினான். அவள் புரியாமல் விழித்தாள். அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து வலது கையை எடுத்து, ரிமோட்டைச் சுண்டு விரலில் மாட்டி, கட்டை விரலால் அமுக்கிக் காட்டினான். அவள் கையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "அடேயப்பா, இதுல தூரத்துல இருந்தே திருப்பலாமா? எனக்கும் ஒண்ணு வேணுமே" என்றாள். அவன் அவளுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தான். நான் அலமாரிக்குப் பின்னால் எண் ஒட்டுவதுபோல நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கை சட்டைப்பைக்குள் போகவில்லை.

நேற்றுக் காலை மேலாளர் ஒரு தாளோடு வந்தார். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டுகிறார்களாம். குடியிருப்பு இரண்டாகப் பெருகப் போகிறது, பெரிய கட்டடம் தருகிறார்களாம். நான் தாளை வாங்கிக்கொண்டு தம்பியைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குற?" என்றான்.

"சும்மாதான் பாத்தேன்."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன்கிட்ட திட்டு வாங்குனது போதும்."

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பேனாவை எடுத்தேன். ஜன்னல் காற்றில் தாள் எழும்பிப் பறக்கப் பார்த்தது. என் ஒரு கையில் பேனா, இன்னொன்றில் மூக்குக்கண்ணாடிக் கூடு. தம்பி எழுந்து வந்து, தன் வலது கையைத் தாளின் ஓரத்தில் அழுத்தி வைத்தான். இரண்டு விரலும் அகலமாக விரிந்து, நடுவில் வெறும் இடம். தாள் அசையவில்லை.

நான் அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி